வாசல் காத்தவர்கள்

பூசை நின்றுபோன ஒரு கோயிலில், கருவறை வாசலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு துவாரபாலகர்கள் காவல் நின்றார்கள். சாமிக்கு முதுகு காட்டியே செதுக்கப்பட்டவர்கள். அதனால் சாமியை ஒருநாளும் பார்த்ததில்லை.

உள்ளேயிருந்து வந்த எலியை இடப்பக்கத்தவர் நிறுத்தினார். "சாமி சௌக்கியமா?"

"எந்தச் சாமி? பின்சுவரை இடிச்சு எப்பவோ தூக்கிட்டுப் போயிட்டாங்களே. வெறும் பீடம்தான் கிடக்கு."

அவருடைய கல்நெஞ்சே ஆடிப்போனது. வாசலின் மறுபக்கம் பார்த்தார். வலப்பக்கத்தவர் கதாயுதத்தை ஊன்றி, கண்ணை உருட்டி, யாரையோ மிரட்டிக்கொண்டு விறைப்பாக நின்றிருந்தார்.

"அவன்கிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதேப்பா. நொறுங்கிப் போயிடுவான்."

எலி மீசையைத் தடவிக்கொண்டது.

"போன மழைக்காலத்துல அவரும் உங்களைப் பத்தி இதையேதான் சொன்னார்."