மாறிப்போன ஒயில்

"இது என்ன ஒயில்னு மட்டும் சொல்லுங்கண்ணே. வேற ஒண்ணும் வேணாம்."

பத்திரிகைத் தாளில் சுற்றிய போத்தலை மெக்கானிக் புவனேந்திரனிடம் நீட்டினாள் ரெங்கம்மா. அவள் கணவன் கிஷாந்தன், தான் ஓட்டிய தோட்டத்து ஜீப்போடு தெமோதரைப் பள்ளத்தில் விழுந்து செத்துப் பதினெட்டு நாளாகிறது. விழுவதற்கு இரண்டு நாள் முன்புதான் அந்த ஜீப் ஹாலிஎலவில் இருக்கும் இந்தக் கராஜில் சர்வீஸ் ஆகிப் போயிருந்தது.

"இதை எங்க புடிச்ச, தங்கச்சி?"

"நொறுங்குன ஜீப்பு தேயிலை ஸ்டோரு வாசல்ல கெடக்கு. என் தம்பி அடியில புகுந்து ட்ரான்ஸ்பர் பொக்ஸ் நட்டைக் கழட்டிப் புடிச்சான். அதுல ஒயில் மாறிப் போனா எறக்கத்துல வண்டி கைக்கு அடங்காதாமே, நெசமா?"

பின்னால் லொறிச் சக்கர நட்டை முடுக்கிக்கொண்டிருந்த பஸீலின் கை நின்றது. கராஜில் அவனும் பாதிப் பங்குக்காரன்.

"நெசந்தான்," என்றார் புவனேந்திரன். "எறக்கத்துல நாலு சக்கரத்தையும் இழுத்துப் புடிக்கிறது அந்தப் பொக்ஸ்தான். அந்த ஜீப்புக்கு மெல்லிசு ஒயில் ஊத்தணும். கெட்டியான தொண்ணூறாம் நம்பர் ஒயிலை ஊத்திட்டா மலைக்குளிருக்குப் பாகா எறுகிப்போகும். கியர் லீவர் கழண்டு வண்டி புடியில்லாம ஓடும். ஏன் கேக்குற?"

ரெங்கம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டினாள்.

"அன்னைக்குக் காலையில எங்களுக்குள்ள சண்டண்ணே. எங்கயாச்சும் விழுந்து சாவுன்னு சொன்னேன். ஒரு வார்த்தை பேசாம சாவிய எடுத்துக்கிட்டுப் போனாரு. இப்ப லயத்து வீடுகள்ல எல்லாரும் அதைத்தான் பேசுறாங்க. என் மக மதுஷாவுக்கு ஆறு வயசு. நீ சொன்னதாலதான் அப்பா செத்தாரான்னு அவளும் கேக்குறா. கொன்னது வண்டியா, என் வாயா? அத மட்டும் சொல்லுங்க. தாங்க முடியல."

புவனேந்திரன் போத்தலைப் பிரித்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார். அவளுக்கு முதுகைக் காட்டி நின்று ஒரு துளியை விரலில் விட்டுத் தேய்த்தார். முகர்ந்தார். இருபது வருட மெக்கானிக்குக்கு ஒயிலை அடையாளம் காண ஒரு நொடி போதும். அவர் அதைவிட நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஒயில் மாறித்தான் இருக்கு. இது தொண்ணூறு."

"யாரு ஊத்துனது?"

பஸீலின் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. புவனேந்திரன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான். அவசரத்துல டின் மாறிப்போச்சு. உன் புருஷன் மேல ஒரு தப்பும் இல்ல, தங்கச்சி. உன் மேலயும் இல்ல."

ரெங்கம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பதினெட்டு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வாய்விட்டு வந்தது. அழுது ஓய்ந்ததும் எழுந்தாள். வாசலில் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள். அவர் முகத்திலேயே தூற்றினாள்.

"என் குடும்பத்த அழிச்சிட்டியேடா பாவி. நீ வெளங்குவியா? உன் புள்ளைங்க நல்லாயிருக்குமா? பொலிசுல சொல்றேன். தோட்டந்தோட்டமா சொல்றேன். இனி ஒரு வண்டி உன்கிட்ட வருதா பாரு."

"சொல்லு," என்றார் அவர். மண் கண்ணில் விழுந்தும் துடைக்கவில்லை. தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வேடிக்கை பார்க்க மட்டும் நம்மவர்களுக்கு எப்போதும் நேரம் உண்டு.

அவள் அழுதுகொண்டேதான் பஸ்ஸுக்குப் போனாள். ஆனால் வந்தபோது இருந்த கூனல் இப்போது இல்லை.

பஸீல் ஓடி வந்தான். "அந்த ஜீப்புக்கு ஒயில் ஊத்தினது நான்தானே? நான் செஞ்ச பாவத்தை நீங்க ஏன் தலையில போட்டுக்கிட்டீங்க? அவ பொலிசுக்குப் போனா என்ன ஆகும்னு தெரியுமா?"

புவனேந்திரன் அவன் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் போத்தலைக் கவிழ்த்தார்.

ஒயில் தண்ணீராக விரலிடுக்கில் ஓடியது. தொண்ணூறு ஒயில் தேன் நிறத்தில் கெட்டியாக இருக்கும். இது நல்ல சிவப்பு. அந்த ஜீப்புக்கென்றே உள்ள மெல்லிய ஒயில்.

"நீ சரியாத்தான் ஊத்தியிருக்க, பஸீல். போன வாரமே நான் ஸ்டோருக்குப் போய் அந்த ஜீப்பப் பார்த்துட்டேன். பிரேக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. விழுந்த எடத்துல டயர் இழுபட்ட தடமே இல்ல," என்றார் புவனேந்திரன். "கிஷாந்தன்தான் மிதிக்கல."