நெஞ்சைத் தொட்டு

"நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்கம்மா, வேற நோய் எதுவும் இல்லயே?" என்று பயண இன்சூரன்ஸ் ஏஜென்ட் கேட்டதும், மகளின் பிரசவத்துக்காக மெல்பர்ன் கிளம்பும் மங்கையர்க்கரசி நிஜமாகவே நெஞ்சைத் தொட்டு, உள்ளே ஸ்டென்ட் வைத்திருப்பதைச் சொன்னாள். உண்மைக்கு உடனே பலன் கிடைத்தது. பெட்டி தொலைந்தால் பணம் உண்டு, பல் உடைந்தாலும் உண்டு, இதயத்துக்கு மட்டும் கிடையாதாம். "அப்ப அத மட்டும் இங்கயே கழட்டி வச்சிட்டுப் போயிரவா?" அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "பெட்டிக்கு இருக்கிற மரியாத இதுக்குக் கிடையாதா? இப்ப நீங்க நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க தம்பி, இது நியாயமா?" அவன் கை மெல்ல நெஞ்சுவரை உயர்ந்தது. சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, கையெழுத்துப் போட அவளிடம் நீட்டியது.