சாம்பல் படியாத இடம்

அத்திப்பட்டுப் பக்கம் காற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வரும். தினமும் கங்கம்மா பெஞ்சுகளைத் துடைத்த பிறகுதான் ஏஞ்சலின் டீச்சர் வகுப்புக்கு வருவார். கோடை விடுமுறைக்கு முந்தின கடைசி வேலை நாளன்று முன்னதாகவே வந்துவிட்டார். ஜன்னலோரப் பெஞ்சில், ஒரு குழந்தை உட்காரும் அளவுக்கு, சாம்பலே இல்லை.

"இங்க மட்டும் தொடச்சியா கங்கம்மா?"

"நான் இன்னும் துணியே எடுக்கல டீச்சர். உமைரா செத்ததுலர்ந்து அந்த எடம் தெனம் இப்படித்தான் கீது."

ஓயாமல் இருமுகிறாள் என்று உமைராவை அங்கே தனியாக உட்கார வைத்தது டீச்சர்தான்.

சாயங்காலம் பூட்டும்போது, "முன்னாடி வந்து உக்காந்துக்கோ கண்ணு" என்று காலிப் பெஞ்சிடம் சொன்னார்.

ஜூனில் கதவைத் திறந்தபோது அந்தப் பெஞ்சிலும் சாம்பல் படிந்திருந்தது. டீச்சரின் நாற்காலியில் மட்டும் இல்லை.

அந்த வருடம் முழுக்க அவர் நின்றுகொண்டே பாடம் நடத்தினார்.