எரியல மாப்ளே!

முதலில் என்னை ஏமாற்றியவன் என் மச்சான். என் மனைவியின் கூடப் பிறந்த அண்ணன். முப்பத்திரண்டு வருஷமாக அவன் வாசலை நான் மிதித்ததில்லை. காரணத்தைக் கேட்டுவிட்டு, யார் பக்கம் நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு பேரும் ஒரே ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டினோம். பிரேக் லைட்டைத் தனி ஆளாகப் பார்க்க முடியாது. ஒருவன் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், ஒருவன் பின்னால் நின்று பார்க்க வேண்டும். தினமும் காலையில் அவனுக்கு நான் நிற்பேன், எனக்கு அவன் நிற்பான்.

"எரியுது மாப்ளே!" என்று அவன் கத்துகிற கத்தலில் எதிர்க் கட்டடத்துப் புறாக்கள் எல்லாம் எழுந்து பறக்கும். அதைக் கேட்டால்தான் எனக்குப் பொழுதே விடியும். லைட் எரியாத வண்டியை நான் ஒரு நாளும் தெருவில் இறக்கியதில்லை. அது அவனுக்கும் தெரியும்.

ஒரு கம்பெனி மேனேஜர் மூன்று நாள் மலைப்பாதைச் சவாரிக்கு என் வண்டியைச் சொல்லியிருந்தார். ஓட்டம் பிடித்துப்போனால் மாத வாடகைக்கே வைத்துக்கொள்வதாகப் பேச்சு. அன்று காலை நான் மிதித்தேன்.

"எரியல மாப்ளே!"

மறுபடி மிதித்தேன். மறுபடியும் அதே பதில். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நீ வண்டியப் பாரு, நான் போயிட்டு வரேன்" என்று மச்சான் அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மாத வாடகையும் அவனுக்கே போனது.

மெக்கானிக்கை வரவழைத்தேன். அவன் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ரெண்டும் ஜம்முனு எரியுதுண்ணே. எதுக்குக் கூப்பிட்டீங்க?"

அன்றோடு பேச்சு நின்றது.

இன்று காலை மகள் வீட்டுக்குக் கிளம்பினோம். ஆறு மணி நேர ஓட்டம். மனைவி பஸ்ஸில் போகலாம் என்றாள்.

"சொந்த வண்டியை ஷெட்டுல வெச்சுட்டு பஸ்ஸுல போக நான் என்ன கண்டக்டரா? போய்ப் பின்னால நில்லு."

மிதித்தேன்.

"எரியலங்க" என்றாள்.

"நீ வந்து மிதி, நான் பாக்குறேன்."

"எனக்கு எது பிரேக், எது கிளட்ச்னே தெரியாது."

டிரைவர் பொண்டாட்டி பேசுகிற பேச்சா இது! டிக்கியைத் திறந்து இரண்டு பல்பையும் மாற்றினேன். உள்ளே போய் மிதித்தேன்.

"எரியலங்க."

ஃபியூஸைப் பார்த்தேன். ஹாரனுக்கும் அதே ஃபியூஸ்தான். ஹாரனை அமுக்கினேன், அலறியது. அப்படியென்றால் மிச்சம் பெடலுக்கு மேலே இருக்கிற சுவிட்ச்தான். இந்த இடுப்போடு மல்லாந்து படுத்து, ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து, சுவிட்சில் இருந்த இரண்டு வயரையும் உருவினேன். இரண்டையும் ஒன்றாக முறுக்கினேன். இப்போது யாரும் மிதிக்காமலே லைட் எரிந்தாக வேண்டும்.

"இப்போ?"

"எரியலங்க."

"அதெப்படி எரியாம இருக்கும்?"

மிதிக்க ஆள் தேவையில்லை என்பதால் நானே எழுந்து பின்னால் போனேன். டிக்கி மூடிக்கு மறைவில் நின்றிருந்தாள். அவள் மூக்குக் கண்ணாடியில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அண்ணனும் தங்கச்சியும் சொல்லிவெச்ச மாதிரி ஒரே பொய்யைச் சொல்றீங்களே!"

"சொல்லிவெச்சதுதான்" என்றாள். "அன்னிக்கு அண்ணனை அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான்."

துடைத்த கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவளே தொடர்ந்தாள்.

"இப்போ பாக்கப் போறோமே, இதே பொண்ணு அப்போ காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில கிடந்தா. மூணு ராத்திரி நீங்க கண்ணே மூடல. அன்னிக்குக் காலையில வாயில பிரஷ்ஷோட நின்னபடியே தூங்குனீங்க. அந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு மலை ஏறப் போறேன்னீங்க."

"போகாதேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. மனுஷங்க சொல்லி நீங்க என்னிக்குக் கேட்டீங்க? வண்டி சொன்னாதான் கேப்பீங்க."

"அப்போ மாத வாடகை?"

"அதை உங்களுக்கே மாத்திவிடத்தான் அண்ணன் வீட்டுக்கு வந்தான். மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்துனீங்க."

"நீயாவது வாயைத் தொறந்திருக்கலாமே?"

"தூக்கக் கலக்கத்துல வண்டி எடுக்கப் பாத்தார்னு வெளியே தெரிஞ்சா, எந்தக் குடும்பமும் அவரை நம்பி ஏறாது, அவர்கிட்ட சொன்னா ஸ்டாண்டுலயே சண்டை போட்டு ஊருக்கே தெரியவெச்சிடுவார், யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டான்."

நான் டிக்கியைப் படாரென்று மூடினேன்.

"சரி, இன்னிக்கு எதுக்கு?"

"போன வாரம் சிக்னல்ல பச்சை விழுந்தும் ஸ்டீயரிங்கைப் பிடிச்சபடி அப்படியே உக்காந்திருந்தீங்க. பின்னால அத்தனை பேர் ஹாரன் அடிச்சாங்க. உங்களுக்குக் கேக்கவே இல்ல."

உள்ளே போய் வயரைப் பிரித்து மறுபடி சுவிட்சிலேயே மாட்டினேன். லைட் அணைந்தது. சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"உங்கண்ணனுக்கு போன் போடு."

அவள் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சுட்டீங்களா?"

"யார் மன்னிச்சா? எரிஞ்ச லைட்டை எரியலன்னு சொன்னவன்தானே அவன்? வந்து என் வண்டிக்குப் பின்னால நிக்கட்டும். புறா பறக்கிற மாதிரி, 'எரியுது மாப்ளே'ன்னு ஒரு தடவை கத்தட்டும். முப்பத்திரண்டு வருஷமா அவன் எனக்கு வெச்சிருக்கிற பாக்கி அது. அதுவரைக்கும் இந்த ஸ்டீயரிங்கை நான் தொட மாட்டேன்னு சொல்லு!"