மனுவோடு கலந்த தாள்

"'பெற்றோர் கையெழுத்து இல்லாமல் எந்தக் கல்யாணத்தையும் பதிவு செய்யக்கூடாது.' அடிச்சிட்டியா குழலி?"

"அடிச்சிட்டேம்பா."

"'கூடாது'க்குக் கீழ ஒரு கோடு போடு."

கார்குழலி கோடு போட்டாள்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். கார்குழலி அதற்கும் ஒரு படி மேலே போய், நெல்லித்தோப்பு ஜெராக்ஸ் கடையில் சம்பளம் வாங்கிக்கொண்டு அதைச் செய்துகொண்டிருந்தாள். அடுத்த மாதம் அவளுக்கும் அன்பழகனுக்கும் பதிவுத் திருமணம். அப்பா தேவதாஸுக்குத் தெரியாது.

அன்பழகன் வேறு சாதி. அப்பாவிடம் கேட்டால் என்ன சொல்வார் என்று கேட்டுத்தான் தெரியவேண்டுமா? அதுதான் மனுவாகவே இருக்கிறதே!

தேவதாஸ், சாரம் மூத்த குடிமக்கள் சங்கத்தின் செயலாளர். மூன்று வருஷத்துக்கு முன்னால் மூத்த மகன் ராஜ்கமல் ஓசூரில் கல்யாணம் செய்துகொண்டான். சேதி வீட்டுக்கு வாட்ஸப் போட்டோவாக வந்தது. அன்றைக்குக் கிளம்பியவர்தான். கூட்டாளி அப்துல் கஃபாரையும் சங்கத் தலைவர் பாவாடையையும் சேர்த்துக்கொண்டு, இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார். மூன்று பேருக்கும் முட்டி வலி. மூன்று பேரும் நிற்கவில்லை.

அதிலும் ஒரு வழக்கம் உண்டு. மனுவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்துக் காட்டாமல் யாரையும் கையெழுத்துப் போட விடமாட்டார். அடுப்பில் குழம்பு தீய்கிறது என்று பேனாவைப் பிடுங்குகிற பெண்களையும் விடுவதில்லை.

"இரும்மா. படிக்காம போட்ட ஒரு கையெழுத்துல எனக்கு மில்லு வேலையே போச்சு. முழுசாக் கேட்டுட்டுப் போடு."

குழம்பு தீய்ந்ததுதான் மிச்சம்.

"இருவது காப்பி எடு குழலி. நாலு மணிக்கு எம்.எல்.ஏ.வப் பாக்கறோம். அதுக்குள்ள இன்னும் ரெண்டு தெரு முடிக்கணும்."

எடுத்து மேஜையில் வைத்தாள். அவர் மேஜையிலிருந்த கட்டை அப்படியே அள்ளி ஃபைலில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. காலையில் தன் கல்யாண விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுத்து, இரண்டு பேர் பெயரையும் எழுதி, மேஜையில் அதே இடத்தில்தான் கவிழ்த்து வைத்திருந்தாள்.

மேஜையில் பார்த்தாள். கீழே பார்த்தாள். குப்பைத்தொட்டியையும் கவிழ்த்துப் பார்த்தாள். இல்லை.

அப்பாவுக்குப் போன் போட்டாள். அம்மா எடுத்தாள்.

"உங்கப்பா என்னிக்கிடி போன எடுத்துனு போனாரு? இங்கதான் சார்ஜுல கிடக்குது."

கடையில் சொல்லிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். சங்கக் கட்டடம் பூட்டியிருந்தது. அடுத்த தெருவில் கேட்டால், "இப்பதான் வாசிச்சிட்டுப் போனாங்க" என்றார்கள். எம்.எல்.ஏ. ஆபீஸ் வாசலில் அப்பாவின் செருப்பு கிடந்தது. உள்ளே போகத் தைரியம் வரவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆறு மணிக்கு அப்பா வந்தார். முகத்தில் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"எம்.எல்.ஏ. சட்டசபையில பேசறேன்னு சொல்லியிருக்காரு. டீ, பிஸ்கட்டெல்லாம் குடுத்தாரு" என்று அம்மாவிடம் சொன்னார். கால் கழுவிவிட்டு வந்து ஃபைலைத் திறந்தார்.

"குழலி, உங்க கடைப் பேப்பர் ஒண்ணு இதுல கலந்துகிட்டு வந்திருச்சு. இந்தா."

வாங்கினாள்.

விண்ணப்பம்தான். கீழே, சாட்சிகள் என்று போட்டிருந்த மூன்று கட்டங்களும் காலையில் காலியாக இருந்தன. இப்போது நிறைந்திருந்தன. தேவதாஸ். அப்துல் கஃபார். பாவாடை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மனு என்று நினைத்துப் போட்டுவிட்டார்கள்! இருபது தாளோடு இருபத்தோராவது தாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அப்பாவே சாட்சி. ஒருத்தரும் ஒன்றும் பேச முடியாது. அன்பழகனிடம் சொன்னால் துள்ளிக் குதிப்பான்.

தாளை மடித்தாள். மறுபடியும் பிரித்தாள். படிக்காமல் போட்ட ஒரு கையெழுத்தில் வேலை போன மனுஷன். அவரை இன்னொரு தடவை, அதுவும் பெற்ற மகளே ஏமாற்றுவதா? மனசு கேட்கவில்லை.

"அப்பா..." என்றாள். "இது மனு இல்லப்பா. நானும் அன்பழகன்னு ஒருத்தரும் கல்யாணம் பண்ணிக்கப் போற விண்ணப்பம். நீங்க படிக்காம கையெழுத்துப் போட்டுட்டீங்க. கிழிச்சிடறேன்."

"படிக்காமலா?"

தேவதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார்.

"கஃபாரு பாய் ஒரு தடவ வாசிச்சாரு, பாவாடை ஒரு தடவ வாசிச்சாரு, நான் ரெண்டு தடவ வாசிச்சேன். அந்தப் பையன் பொறந்த தேதிய எழுதாம வுட்டிருக்க. கேட்டு எழுது."

கார்குழலி தாளைப் பார்த்தாள். பிறந்த தேதிக் கட்டம் காலிதான்.

"அப்ப... அந்த மனு, அதுல போட்ட கோடு, அதெல்லாம் எதுக்குப்பா?"

"உங்கண்ணன் கேட்டிருந்தா அன்னிக்கே போட்டிருப்பேன். எவனும் வந்து கேக்க மாட்டேங்கறீங்களேன்னுதான் சட்டத்தக் கேட்டு அலையறோம்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"நீயும்தான் கேக்கல. பேப்பரு வந்து கேட்டுச்சு, போட்டேன்."