தொழப் போனவரின் முறை

முதலில் வம்பை ஆரம்பித்தது அக்பர் பாஷாதான்.

அடையாறு ஆட்டோ ஸ்டாண்டில் அத்தனை பேர் முன்னாலும், “என் வண்டியை நவுத்தி முறையைத் திருடுறான்” என்றார் துரைராஜைப் பார்த்து.

துரைராஜ் வாய்ச்சண்டைக்குப் போகவில்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர், மகள் தாரணியைக் கேட்டுக் கேட்டு புரோகிராம் எழுதக் கற்றார். ஸ்டாண்ட் கம்பத்தில் அவர் கட்டிய பழைய போன், அந்தப் புரோகிராம்படி இப்போது யார் முறை என்று சத்தமாகப் பெயர் சொன்னது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து அக்பர் பாஷா வந்தபோது, போன் அவரைக் கடைசிக்குத் தள்ளியிருந்தது. கூப்பிட்டபோது ஆள் இல்லையாம்.

“பாத்தீங்களா? பழசை மனசுல வெச்சிக்கினு ஆப்பு வெச்சிட்டான்.”

எல்லாரும் தலையாட்டினார்கள்.

அன்றிலிருந்து துரைராஜ் தன் ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து தன் போனையே நோண்டினார். டீ ஆறிப்போனது. கம்பத்துப் போன் அவர் பெயரையே கூப்பிட்டது, காதில் விழவில்லை. அவரையும் கடைசிக்குத் தள்ளியது.

“இன்னா மாமா, சவாரியை வுட்டுட்டு கேம் ஆடிக்கினு கீறியா?” என்றான் பக்கத்து வண்டி தமிழ்மாறன்.

“தப்பு எந்த வரியிலன்னு காட்டுது. திருத்தினா கேட்டுக்குது. நான் சொன்னதை அப்படியே செய்யுது. இதை வுட்டுட்டு உங்க மூஞ்சிய எதுக்குடா பாக்கணும்?”

“என் பேரையே தூக்கப் போறான்” என்றார் அக்பர் பாஷா.

அடுத்த வெள்ளி. தொழுதுவிட்டு, சண்டைக்குத் தயாராகத்தான் வந்தார் அவர்.

“அக்பர் பாஷா,” என்றது போன், “உங்கள் முறை.”

தொழப் போனவர் திரும்பும்வரை அவர் இடம் அப்படியே இருக்கும்படி மாற்றி எழுதியிருந்தார் துரைராஜ்.

“எனக்கு எதுக்குய்யா இதெல்லாம் பண்ணே?”

“வரிசை நவுர நவுர, ஒவ்வொரு வெள்ளியும் உன் வண்டியை முன்னால தள்ளி வெச்சது யாருன்னு நெனச்சே பாய்? இவனுங்க எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கி நீ என்னைத் திருடன்னப்ப ஒருத்தனும் வாயைத் தொறக்கல.”

தமிழ்மாறன் தரையைப் பார்த்தான். அக்பர் பாஷா தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

“போனுக்குக் கை இல்ல. அதான் எழுதி வெச்சேன். சவாரி காத்துக்கினு கீது, கெளம்பு. திருடன்னு சொன்னதுக்கு நீ கேக்க வேண்டிய மன்னிப்பு மட்டும் அப்படியேதான் கீது.”