மருமகள்தான் வரணும்

"ஸ்கேன் படம் எடுக்க ஒரு நாள் லீவு, ரிசல்ட் பார்க்க ஒரு நாள் லீவு. இன்னொரு லீவு கேட்டா வேன் சாவியைப் பிடுங்கிட்டு என்னை வீட்டுக்கே அனுப்பிடுவாங்க அத்தை!"

ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்கும்படிதான் மருமகள் சொன்னாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகளை அடக்கிய தொண்டை அது.

மாமியார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பையை மடியில் இறுக்கிக்கொண்டு டோக்கன் நம்பர் பலகையையே பார்த்தாள்.

"உங்க பிள்ளை கூட்டிட்டு வரேன்னாரு. வேணாம், மருமகதான் வரணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்க. என்னைப் படுத்தணும், அதானே?"

பக்கத்து நாற்காலிப் பெண் குனிந்து, "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு" என்றாள். மருமகளுக்குத் தெம்பு வந்துவிட்டது.

"மூணு வாரமா மார்ல கட்டி, மார்ல கட்டின்னு ஒரே பாட்டுங்க. ஊருக்கெல்லாம் தைப்பாங்க. என் யூனிஃபார்ம் சட்டைக்கு அளவெடுத்த அன்னிக்குத்தான் இவங்களுக்குக் கட்டி வரணுமா? துணி அப்படியே கிடக்கு."

நம்பர் வந்தது. உள்ளே போனார்கள்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். மாமியாரைப் படுக்கவைத்து, பொறுமையாகத் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லையேம்மா. எந்த இடத்துல தட்டுப்பட்டுச்சு?"

மாமியார் சேலையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"பார்த்தீங்களா டாக்டர்! எல்லாம் நடிப்பு!" மருமகளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "என் வேலைக்கு உலை வெச்சுட்டாங்க!"

மாமியார் எழுந்து உட்கார்ந்தாள். "ஒரு சந்தேகம் டாக்டர். என் வயசுல மார்ல புத்துநோய் வந்தா எப்படி?"

"அறுபத்தெட்டுல வர்றது பெரும்பாலும் மெதுவா வளரும். சில பேருக்கு மாத்திரைக்கே அடங்கும்."

"முப்பத்தோரு வயசுல வந்தா?"

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"வர்றது குறைவு. ஆனா வந்துட்டா, பல பேருக்கு அதோட குணமே வேற. வேகமாப் பெருகும், அந்த மாத்திரைக்கெல்லாம் மசியாது. சீக்கிரம் வந்தா நாங்க எவ்வளவோ செய்யலாம். சின்ன வயசுதானேன்னு அசட்டையா இருந்துட்டு, முத்தின பிறகு வர்றாங்க பாருங்க, அதுதான் கொடுமை."

மாமியார் கட்டிலை விட்டு இறங்கினாள். பையைத் திறந்து இன்னொரு டோக்கனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அடுத்த நம்பர். அதில் மருமகளின் பெயர் இருந்தது.

"சட்டைக்கு அளவெடுத்தப்போ டேப்புக்கு அடியில தட்டுப்பட்டுச்சு டாக்டர். இவகிட்ட அன்னிக்கே சொன்னேன். 'நரம்பு முடிச்சா இருக்கும், எனக்கு இந்த வயசுல என்ன வரப்போகுது'ன்னு சிரிச்சா. மறுபடி சொன்னா அடிக்க வர்றா."

மருமகளின் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் கை, அவளை அறியாமலே, இடது அக்குள் பக்கம் போய் நின்றது. "அத்தை..." என்றாள்.

மாமியார் அவள் தோளைப் பிடித்துக் கட்டிலருகே கூட்டி வந்தாள்.

"உனக்குன்னு சொன்னா இந்த வாசப்படி மிதிச்சிருப்பியா? அதான் எனக்குன்னு சொன்னேன். ஏறிப் படும்மா."